அடைப்புக்குறிக்குள் இருந்த பெயர்கள்

1985-இல் மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த ரெக்கார்டிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்தொன்பது வயது. வருகிறவர்கள் நோட்டுத்தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள். எல்.பி. தட்டைத் துணியால் துடைத்து, ஊசியை மெல்ல இறக்கி, அறுபது நிமிடக் கேசட்டில் ஒவ்வொன்றாகப் பதிந்து, உள்ளே வைக்கிற அட்டையில் பாட்டின் முதல் வரியையும் படத்தின் பெயரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருந்ததால்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

ஒரு மழை நாள் மாலை, கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிற பேராசிரியர் ஒருவர் செய்தித்தாளில் சுற்றிய எல்.பி. ஒன்றைக் கொண்டுவந்தார். லண்டனில் இருந்த தம்பி அவருக்குக் கொடுத்தது. அட்டையில் இருட்டுக்குள்ளிருந்து திரும்பிப் பார்க்கிற ஐந்து இளைஞர்களின் முகங்கள் மட்டும் இருந்தன. குழுவின் பெயர் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1964-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட முதல் எல்.பி. அது.

“யாருன்னு தெரியுதா தம்பி?”

“தெரியல சார்.”

“அட்டையில பேரு இருக்காது. தட்டை எடுத்து நடுவுல ஒட்டியிருக்கிற காகிதத்தைப் பாருங்க. பாட்டுக்குப் பக்கத்துல பிராக்கெட்டுக்குள்ள பொடி எழுத்துல இருக்கும். அதைப் படிங்க.”

தட்டை விளக்கடியில் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். டிக்சன். ரீட். மெக்டேனியல். மூர். பெர்ரி. ஜாரெட். தாமஸ். ஒரு பாட்டுக்கு மட்டும் ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் என்று மூன்று பெயர்.

“மொத்தம் பன்னெண்டு பாட்டு. அதுல எட்டு இவங்க எழுதினது. இவங்கள்ல ஒருத்தர்கூட அந்தப் படத்துல இல்ல. எல்லாரும் அமெரிக்கக் கறுப்பர்கள். பாட்டோட அந்தப் பேரையும் அட்டையில எழுதிருங்க தம்பி, விட்டுராதீங்க.”

அட்டையில் அவ்வளவு இடம் இல்லை. பின்பக்கத்தில் எழுதினேன். அவரிடம் கேட்டு எனக்கும் ஒரு கேசட் பதிந்துகொண்டேன். அன்றிலிருந்து எந்தத் தட்டு கைக்கு வந்தாலும் முதலில் என் கண் போவது அந்த அடைப்புக்குறிக்குத்தான். ராக், பாப், சோல், ஃபங்க், ஹிப்-ஹாப், ஹவுஸ் என்று இன்று உலகம் முழுவதும் ஆடிப் பாடுகிற வகைகளின் வேரைத் தேடிப் போனால், மண்ணும் கூலியும் ஓட்டும் மறுக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் வீட்டு வாசலில் போய் நிற்போம். நாற்பது ஆண்டுகளாக நான் பின்தொடர்ந்த அந்தப் பெயர்களின் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முரசைப் பறித்த சட்டம்

1739 செப்டம்பரில், அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முரசு கொட்டி ஆள் சேர்த்துக்கொண்டே நடந்தார்கள். கிளர்ச்சி ரத்தத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டே ஒரு சட்டம் வந்தது. அடிமைகள் முரசோ கொம்போ ஓசை பெரிதாக எழும் வேறு கருவியோ வைத்திருக்கக் கூடாது என்றது அது.

தோலை முரசிலிருந்து பிடுங்கலாம். உள்ளங்கையை எப்படிப் பிடுங்குவது? தாளம் உடம்புக்குள் குடியேறியது. கை தட்டினார்கள், தொடையில் அறைந்தார்கள், மரத்தரையில் காலால் மிதித்தார்கள். இன்று எந்த ராக் பாட்டைக் கேட்டாலும் இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் பளீரென்று ஓர் அடி விழும். கூட்டம் கை தட்டுவதும் அந்த இடத்தில்தான். கறுப்பர் தேவாலயங்களில் வழிபாடு சூடுபிடிக்கும்போது கைகள் சேருமிடமும் அதுவே.

நியூ ஆர்லியன்ஸில் மட்டும் நிலைமை கொஞ்சம் வேறு. அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரிடத்தில் கூடலாம் என்று 1817-இல் நகராட்சி விதி வகுத்தது. காங்கோ சதுக்கம் என்று பெயர் பெற்ற அந்தத் திடலில் ஆப்பிரிக்க முரசுகள் வெளிப்படையாகவே முழங்கின. ஜாஸ் பிறந்தது அதே ஊரில்.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் இன்னொன்றையும் நினைவில் சுமந்து வந்தார்கள். சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, கழி செருகி, நரம்பு கட்டிய கருவி. செனகல், காம்பியா நாடுகளில் ஜோலா மக்கள் வாசிக்கிற ஆகோன்டிங் அதன் உறவு. கட்டைவிரல் மீட்டுவதற்கென்றே ஒரு குட்டைத் தந்தி அதில் உண்டு. அமெரிக்கத் தோட்டங்களில் அது பாஞ்சோ ஆனது. இன்று பாஞ்சோ என்றதும் தொப்பி வைத்த வெள்ளைக்கார விவசாயி ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். அந்தக் குட்டைத் தந்தி மட்டும் தான் எங்கிருந்து வந்தேன் என்பதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வயலில் பாட்டு எப்படி நடந்தது என்று நம் ஊரில் நடவுப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பருத்திக் காட்டிலும், ரயில் பாதை போடுகிற இடத்திலும், சிறைக் கைதிகள் கோடரி வீசிய காட்டிலும் அதே முறைதான். போதகர் ஒரு சொல் சொல்ல, சபை பதில் கொடுத்தது. பின்னாளில் பாடகர் ஒரு வரி பாட, கிதார் பதில் கொடுத்தது. இன்று ராப் கலைஞர் மேடையில் குரல் எழுப்ப, அரங்கமே பதில் கொடுக்கிறது.

சுவரில் அறைந்த கம்பி

மிசிசிப்பி மாநிலத்தில் டெல்டா என்று அழைக்கப்படும் பருத்திச் சமவெளி இருக்கிறது. கிதார் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அங்கே ஒரு வேலை செய்வார்கள். துடைப்பத்தைக் கட்டியிருக்கிற கம்பியை அவிழ்த்து, வீட்டின் மரச்சுவரில் இரண்டு ஆணி அடித்து இழுத்துக் கட்டுவார்கள். கம்பி சுவரில் படாமல் இருக்க அடியில் ஒரு புட்டியைச் செருகுவார்கள். ஒரு கையால் மீட்டி, இன்னொரு கையால் வேறொரு புட்டியைக் கம்பி மேல் வழுக்கிக்கொண்டே போவார்கள். வீடே கிதாரின் வயிறு. டிட்லி போ என்று அதற்குப் பெயர். புளூஸ் என்ற கறுப்பர் இசையின் கலைஞர்கள் பலருக்கு முதல் வாத்தியம் அதுதான்.

வழுக்கிப் போகிற அந்தப் புட்டியில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருக்கிற சுரத்தைத் தொட முடியாது. நம் பாடகர்கள் கமகத்தால் அதைத் தொடுகிறார்கள். புளூஸ் பாடகரின் காந்தாரம், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ நிற்கும். நிஷாதமும் அப்படித்தான், கொஞ்சம் தாழ்ந்து தொய்யும். அழுகையும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் தொண்டை கரகரக்கிற அந்த இடத்தைத்தான் புளூ நோட் என்கிறார்கள். பாட்டின் கட்டு மிக எளிது. பன்னிரண்டு பார், மூன்று கார்டு. ஒரு வரியைப் பாடுவார்கள், அதையே திரும்பப் பாடுவார்கள், மூன்றாவது வரியில் அதற்கு விடை சொல்வார்கள்.

1903 வாக்கில் டபிள்யூ. சி. ஹேண்டி என்ற கறுப்பின இசைக்குழுத் தலைவர், டட்வைலர் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில் இரவில் வண்டிக்காகக் காத்திருந்தார். கந்தல் உடுத்திய ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து, கிதார் தந்திகள் மேல் கத்தியை அழுத்தி நகர்த்திப் பாடினார். ஒரே வரியை மூன்று முறை பாடினாராம். அதுவரை கேட்டிராத விசித்திர இசை என்று ஹேண்டி பின்னாளில் தன் வரலாற்றில் எழுதினார். முறைப்படி இசை எழுதத் தெரிந்தவர் அவர். அந்த இசையைத் தாளில் கொண்டுவந்தார். 1914-இல் அவர் வெளியிட்ட ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ உலகைச் சுற்றியது. புளூஸின் தந்தை என்று அவரை அழைத்தார்கள்.

கத்தியால் வாசித்த மனிதரின் பெயர் ஹேண்டியின் நூலில் இல்லை. ஒன்றைத் தாளில் எழுதுகிறவருடைய பெயர் நிற்கிறது. அதை முதலில் வாசித்தவர் ரயில் வந்ததும் இருட்டில் மறைந்துவிடுகிறார். இந்த இசையின் வரலாறு நெடுகிலும் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

தனி அலமாரி

1920 ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க்கில் மேமி ஸ்மித் என்ற பாடகி ஓகே நிறுவனத்துக்காக ‘கிரேஸி புளூஸ்’ பாடினார். கறுப்பினப் பெண் ஒருவர் பாடிய புளூஸ் முதன்முதலாகத் தட்டில் ஏறியது அன்றுதான். எழுதியவர் பெர்ரி பிராட்ஃபோர்ட். கறுப்பர் பாடினால் யார் வாங்குவார்கள் என்று நிறுவனங்கள் கையை விரித்தபோது, கதவு கதவாகத் தட்டி அந்தப் பதிவை நடத்தியவர் அவர். தட்டு ஆயிரக்கணக்கில் விற்றது.

பணம் இருக்கிறது என்று தெரிந்ததும் நிறுவனங்கள் கறுப்பர்களுக்கென்று தனி வரிசையைத் தொடங்கின. ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, அதாவது இனத் தட்டுகள், என்பது அந்த அலமாரியின் பெயர். தெற்கத்திய வெள்ளையர் பாடியது ‘ஹில்பில்லி’ என்று இன்னொரு அலமாரிக்குப் போனது. பல நேரம் இரண்டிலும் இருந்தது ஒரே பாட்டு, ஒரே கிதார் நடை. பில்போர்டு இதழ் 1949-இல்தான் ‘ரேஸ்’ என்ற சொல்லை விட்டு, ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று எழுதத் தொடங்கியது.

நாட்டுப்புற வெள்ளையர் இசை என்று இன்று எல்லாரும் நினைக்கிற கன்ட்ரி இசையின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். நாஷ்வில் வானொலியில் இன்றும் ஒலிபரப்பாகிற ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ நிகழ்ச்சியின் தொடக்ககால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்டு பெய்லி. அடிமையாக இருந்தவரின் பேரன். மவுத் ஆர்கனில் ரயில் ஓட்டுவார். வண்டி கிளம்புகிற மூச்சிரைப்பு, பாலத்தில் ஏறுகிற ஓசை, தொலைவில் தேய்கிற கூவல் எல்லாம் அந்த உள்ளங்கையளவு கருவியில் கேட்கும். 1927-இல் அவர் ஒருநாள் ரயில் வாசித்த நேரத்தில்தான் அறிவிப்பாளர் அந்த நிகழ்ச்சிக்கு அந்தப் பெயரையே வைத்தார். 1941-இல் பெய்லியை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு ஷூ பாலிஷ் கடை நடத்திப் பிழைத்தார். 1982-இல் இறந்தார். கன்ட்ரி இசைப் புகழ்மன்றம் 2005-இல் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது.

கம்பிக்கு மின்சாரம் வந்தது

1941 ஆகஸ்டில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்பாடல்களைப் பதியும் ஆலன் லோமாக்ஸ், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பினப் பேராசிரியர் ஜான் வொர்க்குடன் டெல்டாவுக்கு வந்தார். ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மக்கின்லி மார்கன்ஃபீல்டு என்ற இளைஞரைப் பாடச் சொல்லிப் பதிந்தார்கள். தன் குரல் தட்டில் சுழன்று வருவதை அவர் கேட்டார். இரண்டு ஆண்டு கழித்துக் கூலியை உயர்த்திக் கேட்டபோது மேற்பார்வையாளர் மறுத்துவிட, ஒரு பெட்டியோடு சிகாகோவுக்கு ரயில் ஏறினார். 1910-க்கும் 1970-க்கும் இடையே தெற்கிலிருந்து வடக்குக்கும் மேற்குக்கும் இடம்பெயர்ந்த சுமார் 60 லட்சம் கறுப்பர்களில் அவரும் ஒருவர். மட்டி வாட்டர்ஸ் என்றால்தான் உலகத்துக்குத் தெரியும்.

பண்ணை வீட்டுத் திண்ணையில் கேட்ட கிதார், சிகாகோ மதுக்கூடத்தின் கூச்சலில் கேட்கவில்லை. எனவே மின்சார கிதாரை எடுத்தார். புட்டியின் கழுத்தை விரலில் மாட்டி, அதே வழுக்கலை ஒலிபெருக்கி வழியே விட்டபோது அது அலறியது. பின்னால் டிரம்ஸும் பியானோவும் பெருக்கியில் ஊதிய மவுத் ஆர்கனும் சேர்ந்தன. இன்றைய ராக் குழுவின் அச்சு அங்கே வார்க்கப்பட்டது. 1950-இல் செஸ் நிறுவனத்தில் அவர் பதிந்த ஒரு பாட்டின் பெயர் ‘ரோலின் ஸ்டோன்’. பன்னிரண்டு ஆண்டு கழித்து லண்டன் இளைஞர்கள் சிலர் தங்கள் குழுவுக்கு அதிலிருந்துதான் பெயர் வைத்தார்கள். நான் கையில் வைத்திருந்த எல்.பி.யின் அட்டையில் அச்சிடப்படாத அந்தப் பெயரே மிசிசிப்பி டிராக்டர் ஓட்டுநரிடமிருந்து போனது.

மழையில் நின்ற வெள்ளை கிதார்

தேவாலயத்தின் பக்கம் வருவோம். சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1915-இல் ஆர்கன்சா மாநிலத்தின் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தாய் ஊர் ஊராகப் போய் நற்செய்தி சொன்னவர். மகள் சின்ன வயதிலேயே கிதாரோடு உடன் நின்றாள். 1944-இல் அவர் பதிந்த ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே’ என்ற தெய்வப் பாட்டு அடுத்த ஆண்டு ‘ரேஸ்’ பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. பியானோவின் உருட்டலும் கிதாரின் துள்ளலும் சேர்ந்த அதுதான் முதல் ராக் அண்ட் ரோல் பதிவு என்று சொல்கிறவர்கள் உண்டு. 1947-இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் நிகழ்ச்சிக்கு வந்தபோது, வாசலில் பாடிக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையனை மேடைக்கு அழைத்துப் பாட வைத்துக் காசும் கொடுத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் லிட்டில் ரிச்சர்டு.

அவருடைய ஒரு காட்சிப் பதிவை எல்லாரும் பார்க்க வேண்டும். 1964 மே மாதம், இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் அமெரிக்கத் தெற்கத்திய நிலையம்போல அலங்கரித்திருந்தார்கள். ஒரு பிளாட்பாரத்தில் இளம் ரசிகர்கள், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கலைஞர்கள். மழை பிடித்துக்கொண்டது. தார்ப் குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார். மேல்கோட்டு அணிந்த நாற்பத்தொன்பது வயது அம்மா. நனைந்த பிளாட்பாரத்தில் நடந்து வந்து, வெள்ளை மின்சார கிதாரைத் தோளில் மாட்டுகிறார். மழைக்குப் பொருத்தமாக, நோவா காலத்து வெள்ளத்தைப் பற்றிய தேவாலயப் பாட்டைத் தொடங்குகிறார். நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு கிதாரைப் பேச விடுகிறார். வலது கை கீழே வீசி விழுகிறது, இடது கை தந்தியை வளைக்கிறது, முகத்தில் ஜெபக்கூட்டத்தின் பூரிப்பு. ராக் கிதார் கலைஞர்களின் அடையாளம் என்று நாம் அறிந்த உடல்மொழி அத்தனையும் அங்கே இருக்கிறது.

அவர் 1973-இல் இறந்தார். பிலடெல்பியாவில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் பெயர்க்கல்கூட இல்லாமல் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் போயின. 2008-இல் ஓர் இசை நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டித்தான் கல் வைத்தார்கள். ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் 1986 முதல் ஆண்டுதோறும் கலைஞர்களைச் சேர்த்துவருகிறது. அவருடைய முறை வந்தது 2018-இல்.

பெயர் இருந்தும் பணம் வரவில்லை

1954 ஜூலை 5 இரவு, மெம்ஃபிஸ் நகரின் சன் ஒலிப்பதிவகத்தில் பத்தொன்பது வயது எல்விஸ் பிரெஸ்லி பாடிய பாட்டை எடுத்துக்கொள்வோம். ‘தட்ஸ் ஆல் ரைட்’. எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் அதை எழுதிப் பாடிப் பதிந்தவர் மிசிசிப்பிக்காரரான ஆர்தர் க்ரடப். சன் நிறுவனம் நேர்மையாகவே நடந்துகொண்டது. அடைப்புக்குறிக்குள் ஆர்தர் க்ரடப் என்றே அச்சிட்டது. ஆனால் பாட்டின் உரிமை ஏற்கெனவே கைமாறியிருந்தது. பாடிப் பயனில்லை என்று வெறுத்து, க்ரடப் கூலி வேலைக்குப் போனார். கடைசிக் காலத்தில் ஒரு நண்பரும் வழக்கறிஞர்களும் முயன்று, வரவேண்டிய ராயல்டிக்கு ஒரு தொகை பேசி முடித்தார்கள். கையெழுத்துப் போடுகிற நாளில் பதிப்பு நிறுவனம் பின்வாங்கிவிட்டது. 1974-இல் க்ரடப் ஏழையாகவே இறந்தார்.

சக் பெர்ரியின் கதை இன்னொரு விதம். 1955-இல் செஸ் நிறுவனத்தில் ‘மேபெலின்’ பதிந்தார். பாட்டை எழுதியவர்கள் என்று மூன்று பெயர்கள் பதிவாயின. ஒருவர் பெர்ரி. இன்னொருவர் பாட்டை வானொலியில் விடாமல் ஒலிபரப்பிய அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட். மூன்றாமவர் செஸ் நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ரஸ் ஃப்ராட்டோ. பாட்டு முழுவதும் தன்னுடையது என்ற உரிமை பெர்ரிக்குத் திரும்பக் கிடைத்தது 1986-இல்.

இதையெல்லாம் வெள்ளையர் திருடினார்கள் என்ற ஒரே வரியில் அடக்க எனக்கு மனம் வரவில்லை. ‘மேபெலின்’ பாட்டுக்கே ஒரு பழைய வெள்ளையர் ஃபிடில் பாட்டு தூண்டுதலாக இருந்தது. பிக் மாமா தார்ன்டன் 1952-இல் அடிவயிற்றிலிருந்து முழங்கிப் பதிந்த ‘ஹவுண்ட் டாக்’ பாட்டை எழுதியவர்கள் லீபர், ஸ்டோலர் என்ற பத்தொன்பது வயது வெள்ளையர் இருவர். 1965-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று அழைத்தபோது, ஹவுலின் உல்ஃப் என்ற புளூஸ் பெரியவரையும் பாட வைத்தால் வருகிறோம் என்று ரோலிங் ஸ்டோன்ஸ் கேட்டுக்கொண்டது. அவர் பாடும்போது அவர்கள் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். இசை வேலி தாண்டித் தாண்டித்தான் வளரும். தாண்டிப் போன பின் பெயரும் கூலியும் எந்தப் பக்கம் தங்கின என்பதே கேள்வி.

அந்தக் கூலியைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள ஒருவர் முயன்று ஜெயித்தும் காட்டினார். டெட்ராய்ட் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி 1959-இல் தொடங்கிய நிறுவனம்தான் பின்னர் மோட்டவுன் என்று பெயர் பெற்றது. என் கேசட்டில் இருந்த ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் மூவரும் அவரிடம் பாட்டு எழுதியவர்கள். பீட்டில்ஸ் குழு 1963-இல் வெளியிட்ட இரண்டாவது எல்.பி.யில் மூன்று பாட்டுகள் அந்த டெட்ராய்ட் நிறுவனத்திலிருந்து போனவை. நான்காவதாக சக் பெர்ரியின் பாட்டு ஒன்றும் உண்டு.

அடைப்புக்குறியே இல்லாதவர்கள்

கடையில் எனக்கு முதலில் சொல்லித் தந்தது, சுழல்கிற தட்டில் கை படக் கூடாது என்பது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஓர் இளைஞர் அந்த விதியைத் தலைகீழாக்கினார். ஜமைக்காவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் அங்கே குடிவந்த டிஜே கூல் ஹெர்க். 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் அவருடைய தங்கை சிண்டி ஒரு விருந்து ஏற்பாடு செய்தார். பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும், அதற்காகக் கட்டணம் வைத்த விருந்து. பாட்டு நடுவே மற்றெல்லாம் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் கேட்கிற சில நொடிகளில்தான் ஆட்டக்காரர்கள் துள்ளிக் குதிக்கிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்திருந்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயர்களில் வைத்தார். ஒன்றில் அந்தத் துண்டு முடிவதற்குள் மற்றதில் தொடங்கினார். ஐந்து நொடி ஐந்து நிமிடமானது. அதன் மேல் பேச்சு ஏறியது, ஹிப்-ஹாப் பிறந்தது. அதே பத்தாண்டில் சிகாகோவின் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கில்ஸ் வளர்த்தெடுத்த நடன இசைதான் ‘ஹவுஸ்’.

அந்த டிரம்ஸ் நொடிகளை வாசித்தவர்கள் யார்? பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் இருந்த கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு ஒருவர். ரயிலும் தொழிற்சாலையும் இரைகிற சட்டனூகா நகரில் வளர்ந்தவர். 1970-இல் வெளிவந்த ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் அவர் வாசித்த சில நொடிகளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் வெட்டி எடுத்து ஒட்டிக்கொண்டன. பாட்டின் பெயரே அவரைத்தான் குறிக்கிறது. ஆனால் அடைப்புக்குறிக்குள் இருப்பது ஜேம்ஸ் பிரவுன் மட்டும்.

இன்னொருவர் கிரிகரி கோல்மன். தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969-இல் ‘ஆமென், பிரதர்’ என்ற பாட்டை ஒரு தட்டின் பின்பக்கத்தில் போட்டது. அதில் கோல்மன் தனியாக வாசிப்பது சுமார் ஆறு நொடி. 1990-களில் இங்கிலாந்தில் எழுந்த ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் வகைகள் அந்த ஆறு நொடியை அடித்தளமாக வைத்து எழுந்தவை. கோல்மன் 2006-இல் அட்லாண்டாவில் வீடில்லாமல் இறந்தார்.

ஏன் இப்படி நேர்ந்தது என்று தேடியபோது, மதுரையில் தட்டைச் சாய்த்துப் படித்த அந்த மாலை எனக்கு முழுதாகப் புரிந்தது. பதிப்புரிமைச் சட்டம் தாளில் எழுத முடிந்ததை மட்டுமே சொத்தாகப் பார்த்தது. மெட்டையும் வரியையும் எழுதலாம். தந்தியை எவ்வளவு வளைத்தார், தட்டு ஒரு மயிரிழை தாமதமாக எப்படி விழுந்தது, தொண்டை எந்த இடத்தில் உடைந்தது என்று எழுத வழியில்லை. ஒலிப்பதிவுக்கே அமெரிக்க மத்திய அரசின் பதிப்புரிமை கிடைக்கத் தொடங்கியது 1972 பிப்ரவரி 15 முதல்தான். அப்போதும் அது நிறுவனங்களின் கைக்குத்தான் பெரும்பாலும் போனது. இந்த மக்கள் உலக இசைக்கு அதிகமாகக் கொடுத்ததெல்லாம் தாளில் எழுத முடியாதவை. முரசைப் பறித்த நாளிலிருந்து உடம்புக்குள் சேர்த்து வைத்தவை. உடம்பிலிருந்து வந்ததற்கு அடைப்புக்குறி போட யாருக்கும் தோன்றவில்லை.

அதனால்தான் கேட்கிறவர்களிடம் நான் இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன். பிடித்த பாட்டைக் கேட்டு முடித்ததும் ஒரு நிமிடம் செலவழியுங்கள். எழுதியவர் யார், முதலில் பாடியவர் யார், டிரம்ஸில் உட்கார்ந்தவர் யார் என்று தேடிப் பாருங்கள். இன்று அது கைப்பேசியிலேயே கிடைக்கிறது. எல்விஸைக் கேட்டவர்கள் க்ரடப்பையும் கேளுங்கள். ரோலிங் ஸ்டோன்ஸைக் கேட்டவர்கள் மட்டி வாட்டர்ஸிடம் போங்கள். உங்கள் ரசனை ஒரு துளியும் குறையாது, பாட்டு இன்னும் ஆழமாகக் கேட்கும்.

அன்று எனக்காகப் பதிந்த கேசட் என்னிடம் இருக்கிறது. நாடா பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டது, இனி ஓடாது. அட்டை நன்றாக இருக்கிறது. முன்பக்கம் பன்னிரண்டு பாட்டு, பின்பக்கம் நீல மையில் என் பத்தொன்பது வயதுக் கையெழுத்தில் அந்தப் பெயர்கள். அடியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அதில் பின்னாளில் நான் கேட்டுத் தெரிந்துகொண்ட மூன்று பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். தார்ப். ஸ்டபிள்ஃபீல்டு. கோல்மன்.